டீக்கடை வருகைப் பதிவேடு

வாங்க டீச்சர், உக்காருங்க. அந்த பெஞ்சு வேண்டாம், ஒரு கால் ஆடும். இங்கிட்டு வாங்க, பாய்லர் பக்கத்துல. அஞ்சே கால் பஸ்ஸுதான உங்களுக்கு? இன்னும் முக்கா மணி நேரம் கெடக்கு. அந்த பஸ்ஸு அஞ்சே காலுக்கு வந்து நான் பாத்ததே இல்ல. டீ போடவா, காப்பியா? டீ. சீனி கொறைச்சா? சரி.

நீங்கதான எப்சிபா டீச்சர் எடத்துக்கு வந்திருக்கிற கணக்கு டீச்சர்? தேன்மொழின்னு பியூன் சொன்னாரு. திங்கக்கிழமை ஒம்பது அஞ்சுக்கு உள்ள போனீங்க. செவ்வா ஒம்பது ஏழு. புதன் ஒம்பது இருபது, அன்னிக்கு பஸ்ஸு லேட்டு, அது உங்க மேல தப்பில்ல. நேத்து ஒம்பது நாலு. இன்னிக்கு ஒம்பது ஆறு. ஏன் அப்படிப் பாக்குறீங்க? வடையைத் தின்னுங்க, ஆறிப்போகுது. நான் யாரையும் காரணமில்லாமத் தொந்தரவு பண்றவ இல்ல. காரணம் இருந்தா விடமாட்டேன், அது வேற.

அந்த கேட்டைப் பாருங்க. பூட்டுத் தொங்குதுல்ல? ஆறு மாசத்துக்கு முந்தி அந்த கேட்டுக்குக் கதவு இருந்ததே யாருக்கும் தெரியாது. ஆடு போகும், ஐஸ்காரன் போவான், டீச்சர்மாரு நெனச்சா உள்ள நெனச்சா வெளிய. இப்பப் பாருங்க. ஒம்பதரைக்குப் பூட்டுனா நாலு பத்துக்குத்தான் தெறக்குறாக. இடையில ஒரு டீச்சர் வெளிய வரணும்னா எச்.எம்.கிட்ட எழுதிக் குடுக்கணும், எங்க போறோம், எதுக்குப் போறோம், எப்ப வருவோம்னு. அந்தப் பூட்டை யாரு போட வச்சா? இந்தா, வடை சுடுற இந்தக் கைதான். சீனியம்மான்னு கலெக்டர் ஆபீஸ்ல கேட்டுப் பாருங்க, கிளார்க்கு எந்திரிச்சு நிப்பாரு.

சிரிக்காதீங்க டீச்சர். இது சிரிக்கிற கதை இல்ல.

எனக்கு ஒரே மக. நாகஜோதி. உங்க பள்ளிக்கூடத்துலதான் படிச்சா, இந்தா எதுத்தாப்புல, கூப்புடு தூரம். அவுக அப்பா லாரிக்குப் போறவரு. ஒருக்கா போனா பத்து நாள், பன்னெண்டு நாள். கடையில டீயும் நான்தான், வடையும் நான்தான், டம்ளர் கழுவுறதும் நான்தான். சும்மா நாள்ல சமாளிச்சிருவேன். செவ்வாக்கிழமை இங்க சந்தை. சந்தைன்னா உங்க ஊரு மாதிரி நாலு கடை இல்ல, ரோடு கொள்ளாது. அன்னிக்கு ஜோதி நின்னா எனக்கு ரெண்டு கை கூட இருந்த மாதிரி. நிறுத்திக்குவேன். திருவிழாக் கூட்டம் வந்தா இன்னும் ஒண்ணு ரெண்டு நாள் சேத்து. மத்தபடி வாரத்துல ஒரு நாள்தான? ஒரு நாள்ல என்ன பெரிய படிப்பு போயிருது? மறுநாள் சட்டமா லீவு லெட்டர் குடுத்து விட்டுருவேன். "எனது மகளுக்குக் காய்ச்சலாக இருந்தபடியால்", அப்படின்னு. நானே எழுதி நானே கையெழுத்துப் போடுவேன். எட்டாவது வரைக்கும் படிச்சிருக்கேன், கையெழுத்து முத்து முத்தா இருக்கும். ஒரு நாள்கூட லெட்டர் இல்லாம அனுப்புனது இல்ல. அந்த ஒழுங்கு எங்கிட்ட உண்டு.

பத்தாவது வந்துச்சு. எப்சிபா வந்து சேந்தா. அவதான் கிளாஸ் டீச்சர்.

போன வருஷம் பிப்ரவரி மாசம் என்னை வரச் சொல்லிவிட்டா. மாடியில கிளாஸ்ரூம். போறேன், ஜன்னல் ஓரத்துல உக்காந்திருக்கா. அந்த ஜன்னல்ல இருந்து பாத்தா என் கடை தெரியுது டீச்சர்! பாய்லர் தெரியுது, வடைச் சட்டி தெரியுது, பெஞ்சுல உக்காந்திருக்கிறவன் தலை தெரியுது. எனக்கு அப்பவே சுருக்குன்னுச்சு.

பெரிய ரெஜிஸ்டரை விரிச்சா. எம்மக பேருக்கு நேரா செவப்பு செவப்பா இருக்கு.

"சீனியம்மா, ஜோதி இந்த வருஷம் அம்பத்தஞ்சு நாள் வரல."

"அம்பத்தஞ்சு லெட்டர் குடுத்திருக்கேனே டீச்சர்."

"எல்லாத்துலயும் காய்ச்சல்னு இருக்கு."

"காய்ச்சல் வந்தா காய்ச்சல்னுதான எழுத முடியும்?"

"செவ்வாக்கிழமை தவறாம வர்ற காய்ச்சலா?"

நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி இருந்துச்சு. அவளே சொன்னா. வருஷத்துக்கு இருநூத்திப் பத்து நாள் பள்ளிக்கூடமாம். நூத்துக்கு எழுபத்தஞ்சு வந்திருந்தாத்தான் பரீட்சைக்கு ஹால் டிக்கெட்டாம். அப்படிப் பாத்தா நூத்தி அம்பத்தெட்டு நாள் வந்திருக்கணும். ஜோதி இனிமே ஒரு நாள் விடாம வந்தாலும் நூத்தி அம்பத்தஞ்சுதான். மூணு நாள் கொறையுது. மூணே மூணு நாள் டீச்சர்!

நான் கால்ல விழாத கொறையா கேட்டேன். "தாயே, உங்க கையில பேனா இருக்கு. மூணு கட்டத்துல செவப்பை நீலமாக்குனா என் புள்ள பொழச்சிரும். யாரு வந்து பாக்கப் போறா?" அதுக்கு அவ, "வராத புள்ளைய வந்ததா எழுத எனக்கு வராது சீனியம்மா. பன்னெண்டு வருஷமா எழுதுனது இல்ல"ன்னா. பெறகு ஒண்ணு சொன்னா. "உண்மையான காரணத்தை ஒரே ஒரு லெட்டரா எழுதிக் குடுங்க. கடையில ஆள் இல்லாம நிறுத்திட்டேன், இனிமே நிறுத்தமாட்டேன்னு. நான் அதுக்கு மேல எழுதி அனுப்பி அனுமதி வாங்கித் தர்றேன். நானே நடையா நடக்கிறேன்." அப்படின்னா.

எப்படி டீச்சர் எழுத முடியும்? நீங்களே சொல்லுங்க. அம்பத்தஞ்சு லெட்டர்ல காய்ச்சல்னு எழுதிட்டு, அம்பத்தாறாவது லெட்டர்ல "நான் பொய்க்காரி, பெத்த புள்ளைய வடை சுட வச்சவ"ன்னு என் கையால எழுதி, கீழ என் கையெழுத்தையும் போடவா? அந்தக் காயிதம் ஆபீஸ் ஆபீஸாப் போகும். கண்டவன் படிப்பான். மாட்டேன்னுட்டேன். காய்ச்சல்னா காய்ச்சல்தான்னுட்டேன்.

சும்மா இருந்துடல. பக்கத்து ஊருக்குப் போயி ஒரு டாக்டர்கிட்ட ஜனவரி மாசம் மூணு நாளைக்கு சர்ட்டிபிகேட் வாங்கியாந்தேன். சீல் எல்லாம் வச்சு. கொண்டுபோயி மேசையில வச்சேன். தேதியைப் பாத்தா. என்னைப் பாத்தா. "இந்த மூணு நாளும் உங்க தம்பி மக சடங்குதான? ஜோதி போட்டோ கொண்டாந்து காட்டுனா. பச்சைப் பட்டுப் பாவாடை, தலை நெறையப் பூ. நல்லா இருந்தா."

அந்தக் கூறுகெட்ட கழுதை போட்டோவை ஏன் காட்டப்போச்சு? அத்தை மக போகாம சடங்கு உண்டா? ஊரு உலகத்துல இல்லாததா? அதை அந்தப் பொம்பளை ஞாபகம் வச்சு, அதுலயே என்னை மடக்கி, சர்ட்டிபிகேட்டை மடிச்சு எங்கையில குடுத்துட்டா. "கேஸாகிரும், கிழிச்சுப் போட்டுருங்க"ன்னா. புத்தி சொல்றாளாம்.

மார்ச்சு மாசம் பரீட்சை. பத்து மணிக்கு மணி அடிச்சது. எம்மக கூடப் படிச்ச புள்ளைக எல்லாம் அட்டையும் பேனாவுமா, இந்தா இந்த ரோட்டுலதான் போச்சுக. ஒண்ணு, விவரமில்லாம, "ஜோதி, நீ வரலையா?"ன்னு கேட்டுட்டுப் போகுது. ஜோதி வடையைத் திருப்பிப் போட்டுக்கிட்டே இருந்தா. கருகுது, எடுக்கமாட்டேங்கிறா. நான்தான் கரண்டியைப் புடுங்குனேன். அவ ஒரு சொட்டுக் கண்ணீர் விடல. விட்டிருந்தா எனக்கு ஆறிருக்கும்.

அன்னிக்கு வயிறு எரிஞ்சு சொன்னேன், மாடி ஜன்னலைப் பாத்து. ஏ எப்சிபா, எம்மக மூணு நாளைக்கு நீ கணக்குப் பாத்தேல்ல, உன் ஒவ்வொரு நாளுக்கும் நான் கணக்குப் பாக்குறேன். நீ அங்க இருந்து என் கடையைப் பாத்த. நான் இங்க இருந்து உன் கேட்டைப் பாக்குறேன்.

ஜூன் மாசம் பள்ளிக்கூடம் தெறக்குறதுக்கு முந்தின நாள் பெரிய நோட்டு வாங்கினேன். இருங்க, காட்டுறேன். இந்தா. கையைத் தொடைச்சிட்டுத் தொடுங்க, எண்ணெய் பட்டுரும். ஸ்கேல் வச்சு நானே கோடு போட்டது. தேதி, காலையில வந்த நேரம், மத்தியானம், சாயந்திரம். அவ ரெஜிஸ்டர்ல எப்படி இருந்துச்சோ அப்படியே. வந்தா நீலம், வரலைன்னா செவப்பு. ஒரு அடித்தல் திருத்தல் பாருங்க, கெடையாது. ஒரு கோடு பொய் கெடையாது.

இதுக்கு நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது. ஜூன்ல இருந்து நவம்பர் முடிய பள்ளிக்கூடம் நடந்த ஒரு நாள் நான் லீவு எடுக்கல. என் தம்பி வீடு கட்டிப் பால் காச்சுனான், போகல. "அக்கா வராம என்ன வீடு"ன்னு போன்ல அழுதான். "டேய், எனக்கு டியூட்டி இருக்குடா"ன்னுட்டேன். செவ்வாக்கிழமைச் சந்தையைக்கூட ஒத்தை ஆளா சமாளிச்சேன். முதல் நாளே வெங்காயம் அரிஞ்சு வச்சு, காலையில மூணு மணிக்கு எந்திரிச்சு. பழகிருச்சு.

என்ன? அப்ப அதுக்கு முந்தியே ஒத்தையா சமாளிச்சிருக்கலாமேன்னா?

நீங்க என்ன டீச்சர், வடையை வாயில வச்சிக்கிட்டு இப்படிக் கேட்டுட்டீங்க. அது வேற, இது வேற. அப்ப எனக்கு வைராக்கியம் இல்ல. கேளுங்க, கதையைக் கெடுக்காதீங்க.

ஜோதியை வீட்டுல சும்மா வைக்கக்கூடாதுன்னு பஜார்ல தையல் கிளாஸ்ல சேத்துவிட்டேன். காலையில பத்துல இருந்து நாலு மணி வரைக்கும். அது பாட்டுக்குப் போகும், வரும். எங்கூடப் பேச்சுக் கொறைஞ்சிருச்சு. வயசுப் புள்ளைக அப்படித்தான்னு விட்டுட்டேன். எனக்கு கேட்டைப் பாக்கவே நேரம் சரியா இருந்துச்சு.

மொத ரெண்டு வாரம் எப்சிபாகிட்ட ஒண்ணும் சிக்கல. ஒம்பது மணின்னா எட்டே முக்காலுக்கே வந்துருவா, கறுப்புக் கொடையை ஊண்டிக்கிட்டு. எனக்குப் பைத்தியம் புடிச்சிரும் போல இருந்துச்சு. மூணாவது வாரம் புதன்கிழமை. மத்தியானம் ரெண்டு மணி. கேட்டு வழியா வெளிய வர்றா! கையில ஒரு பை, கொடையை விரிச்சிக்கிட்டா, பஜார் பக்கமாப் போனா. மூணே முக்காலுக்குத் திரும்பி வந்தா. செவப்புப் பேனாவை எடுத்தேன்.

அடுத்த புதன்கிழமையும் போனா. அதுக்கு அடுத்த புதன்கிழமையும். ஆகா, மாட்டுனடி மகளேன்னு நெனச்சேன். மழை பெஞ்ச புதன்கிழமைகூட விடல. பியூன்கிட்டப் பேச்சுக் குடுத்துப் பாத்தேன். மத்தியானம் ஆஜர்னு நோட்டுல கையெழுத்தைப் போட்டுட்டுத்தான் போறாளாம். கடைசி ரெண்டு பீரியடு அவளுக்குக் கிளாஸ் இல்லையாம். கிளாஸ் இல்லைன்னா? என் கடையில ஆள் இல்லைன்னா நான் பாய்லரை அணைச்சிட்டுச் சினிமாவுக்குப் போவேனா? வராத புள்ளைய வந்ததா எழுத வராதாம். வெளிய போன தன்னை உள்ள இருந்ததா எழுத மட்டும் வருதாக்கும்!

பின்னாடியே போயி எங்க போறான்னு பாத்திருக்கலாம். பாக்கல. எனக்கு எதுக்கு அது? போனா, அது போதும். எங்க போனான்னு விசாரிக்கிறது அதிகாரிக வேலை.

நவம்பர் கடைசியில எண்ணிப் பாத்தேன். இருபத்தியொரு புதன்கிழமை. திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல மனு வாங்குவாகள்ல, நோட்டை அப்படியே நகல் எடுத்து மனுவோட குடுத்தேன். அங்க ஒருத்தரு பக்கத்தைப் பொரட்டிப் பாத்துட்டு, "ஏம்மா, நீங்க ஆடிட் ஆபீஸ்ல இருந்தீங்களா?"ன்னு கேட்டாரு. என் வாழ்க்கையில அப்படி ஒரு பேச்சு நான் வாங்குனது இல்ல டீச்சர்.

டிசம்பர்ல விசாரணை. அதிகாரி ஒருத்தரு ஜீப்புல வந்தாரு. எச்.எம். ரூமுல என்னையும் உக்கார வச்சாக. எனக்கு நாற்காலி! எப்சிபா நிக்கிறா. அதிகாரி என் நோட்டையும் பள்ளிக்கூடத்து நோட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒவ்வொரு தேதியாப் படிச்சாரு. "இந்த அம்மா எழுதியிருக்கிறது சரியா?"ன்னாரு.

அவ என் நோட்டை வாங்கி, விரலை வச்சு வச்சுப் பாத்தா. ஒரு எடத்துல விரல் நின்னுச்சு. பெறகு நகந்துருச்சு. "சரிதான் சார்"னா.

"இருபத்தியோரு நாளும் எங்க போனீங்க?"

அவ என்னைப் பாத்தா. நான் விடுவேனா? "சொல்லச் சொல்லுங்க சார்! எல்லாருக்கும் தெரியட்டும்"னு நான்தான் சத்தம் போட்டேன்.

"சொந்த வேலை சார்"னா. அவ்வளவுதான். அதுக்கு மேல வாயைத் தெறக்கல.

அன்னிக்குக் கடைக்கு வந்து பாய்லருக்குப் பூ வச்சேன். அன்னிக்கு வந்த பத்து இருபது பேத்துக்கு டீ இனாம். சாயந்திரம் ஜோதி வந்தா. "ஏய், உன் டீச்சர் தொலைஞ்சா! மூணு நாளுக்கு இருபத்தியொரு நாள் வாங்கிட்டேன்டி"ன்னேன். அவ மொகத்துல ரத்தமே இல்ல. பையை வச்சிட்டு உள்ள போயிப் படுத்துட்டா. சந்தோஷத்துல வாயடைச்சுப் போச்சு போலன்னு நெனச்சேன். நெசமா டீச்சர், அப்படித்தான் நெனச்சேன்.

இன்னொரு டீ போடவா? எனக்கும் தொண்டை வறளுது. போட்டுக்கிறேன்.

எப்சிபாவுக்கு மெமோ, மாறுதல். மலையடிவாரத்துல ஒரு ஊரு, அவ வீட்டுல இருந்து மூணு பஸ்ஸு மாறணும். பள்ளிக்கூடத்துக்கும் உத்தரவு வந்துச்சு, கேட்டைப் பூட்டச் சொல்லி. ஜனவரியில, லீவு முடிஞ்ச மொத நாள், சாமான்களை எடுக்க வந்திருந்தா. ரெண்டு அட்டைப் பெட்டி, அந்தக் கறுப்புக் கொடை. நேரா இங்க வந்தா. வந்த ஒண்ணரை வருஷத்துல என் கடைக்குள்ள அவ கால் வச்சதே இல்ல. இந்தா, நீங்க உக்காந்திருக்கீங்கல்ல, இதே எடத்துல உக்காந்து ஒரு டீ கேட்டா. போட்டேன். வம்புக்கு வந்திருந்தா ஒரு கை பாத்துருவோம்னு கரண்டியைக் கையிலயே வச்சிருந்தேன்.

டீயைக் குடிச்சு முடிச்சா. "சீனியம்மா, உங்க நோட்டு ரொம்ப ஒழுங்கா இருந்துச்சு. ஒரே ஒரு நாள் தப்பு. அக்டோபர் எட்டாந்தேதி நான் வெளிய போகல. அன்னிக்கு ஜோதிக்குக் காய்ச்சல்"னா.

டீச்சர், எனக்குக் காது அடைச்சிருச்சு.

அக்டோபர் எட்டாந்தேதி எம்மகளுக்கு நெசமாவே காய்ச்சல். கொதிக்குது ஒடம்பு. கடையைப் பூட்டிட்டு அவளைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். வரிசையில நின்னு, ரத்தம் குடுத்து, ஊசி போட்டு, திரும்பி வர பொழுது அடைஞ்சிருச்சு. அந்த ஒரு நாள்தான் நான் கேட்டைப் பாக்கல. வந்து நோட்டை எடுத்தேன். கட்டம் காலியா இருக்கு. புதன்கிழமைதான, போகாமயா இருந்திருப்பான்னு செவப்பை இழுத்துட்டேன். பாக்காம எழுதிட்டேன். ஒரு கோடு பொய் கெடையாதுன்னு இப்பத்தான உங்ககிட்டச் சொன்னேன்? அந்த ஒரு கோடு பொய்.

ஆனா எனக்கு அடைச்சது அதுனால இல்ல. எம்மகளுக்கு அன்னிக்குக் காய்ச்சல்னு இந்தப் பொம்பளைக்கு எப்படித் தெரியும்? ஊருக்கே தெரியாது. கேட்டேன். கொடையை எடுத்துக்கிட்டு எந்திரிச்சா. "அவகிட்டக் கேளுங்க. திட்டாமக் கேளுங்க"ன்னா. பஸ்ஸு வந்துச்சு, ஏறிப் போயிட்டா.

பாய்லரை அப்படியே விட்டுட்டு பஜாருக்கு ஓடுனேன். தையல் கிளாஸ் மாடிப்படி ஏறி நிக்கிறேன், மூச்சு வாங்குது. ஜோதி மிஷின்ல உக்காந்திருக்கா. "எப்சிபா டீச்சர் இங்க வந்துச்சாடி?"ன்னேன். அவ மிஷின் டிராயரைத் தொறந்து ஒரு நோட்டை எடுத்து எங்கையில குடுத்தா. பூராம் கணக்கு. அந்தம்மா கையெழுத்துல. கடைசிப் பக்கத்துல தேதி தேதியா எழுதி எம்மகளுக்கு வருகை போட்டிருக்காக. இருபது புதன்கிழமை நீலம். அக்டோபர் எட்டுக்கு நேரா மட்டும் செவப்பு. பக்கத்துல, "காய்ச்சல். இது நிஜம்"னு எழுதியிருக்கு.

ஜோதி சொன்னா. அன்னிக்குக் காலையிலயே போன்ல வரவேண்டாம்னு இவ சொல்லிட்டாளாம். தனியா பரீட்சை எழுதுறதுக்கு விண்ணப்பம் போட்டுக் குடுத்ததும் அவுகதானாம். வீட்டுக்கு வந்து சொல்லித் தர்றேன்னு கேட்டாகளாம். இவதான், "அம்மாவுக்குத் தெரிஞ்சா தையல் கிளாஸையும் நிறுத்திப்புடும், சொல்லாதீங்க டீச்சர்"னு சத்தியம் வாங்கியிருக்கா. அந்தச் சத்தியத்துக்காகத்தான் அதிகாரி முன்னாடி வாயைத் தெறக்காம நின்னிருக்காக. நான் பக்கத்துல நாற்காலியில உக்காந்துக்கிட்டு, சொல்லச் சொல்லுங்க சார், சொல்லச் சொல்லுங்க சார்னு கத்தியிருக்கேன்.

எனக்காக மூணு நாள் பொய் எழுதமாட்டேன்னவுக, எம்மகளுக்காக இருபது மத்தியானம் தன் பேருலயே பொய் எழுதியிருக்காக டீச்சர்.

இல்ல, நான் செஞ்சது தப்புன்னு ஒத்துக்கமாட்டேன். சட்டம் பேசுனது அவுகதான் மொதல்ல. அன்னிக்கு மூணு கோட்டை மாத்திப் போட்டிருந்தா இத்தனை வம்பு உண்டா? இப்பவும் அந்த மார்ச்சு மாசத்தை நெனச்சா எனக்கு எரியுது. அவுக மேல எரியுது. பெறகு யாரு மேலன்னு தெரியாம எரியுது. அதை விடுங்க.

இப்ப என்ன நெலமை தெரியுமா? மார்ச்சு பரீட்சைக்கு இன்னும் ஏழு வாரம். ஜோதி படிக்கமாட்டேங்கிறா. பள்ளிக்கூட நேரத்துல மிஷினை மிதிக்கிறா, வீட்டுக்கு வந்தா சுவத்தைப் பாத்துப் படுத்துக்கிறா. சாப்பிட வாடின்னா, "காய்ச்சல்"ங்கிறா. படிடின்னா, "காய்ச்சல்"ங்கிறா. போன வாரம் அவ கையைப் புடிச்சு, பரீட்சைக்காவது போவியாடின்னு கேட்டேன். "உனக்குத்தான் எழுதத் தெரியுமே, காய்ச்சல்னு எழுதிக்கோ"ன்னா. பெத்த தாயை இப்படியா பழி வாங்குறது? யாருகிட்ட இருந்து இந்தக் கொணம் வந்துச்சோ தெரியல.

நேத்து ராத்திரி காலைப் புடிச்சுக் கெஞ்சுனேன். ஒரே ஒரு வார்த்தை சொன்னா. "புது டீச்சர் வந்திருக்காங்களாம்ல. அவங்க புதன்கிழமை தையல் கிளாஸுக்கு வந்து சொல்லித் தந்தா எழுதுறேன். உன் கண்ணு படுற எடத்துல படிக்கமாட்டேன்."

அதுக்குத்தான் டீச்சர் உங்களைக் கூப்புட்டேன். டீக்கு இல்ல.

உங்களுக்கும் புதன்கிழமை கடைசி ரெண்டு பீரியடு கிளாஸ் இல்ல, பியூன்கிட்டக் கேட்டுட்டேன். எப்சிபா டீச்சர் டயம்டேபிள்தான உங்களுக்கும்? சாயந்திரம் வரச் சொல்லலாம், பஸ்ஸை விட்டா உங்களுக்கு ஊருக்குப் போக வழியில்ல. சனி ஞாயிறு வாங்கன்னு கேக்க எனக்கு வாய் வரல, உங்களுக்கும் குடும்பம் இருக்கு. புதன்கிழமை ரெண்டு மணிக்கு மட்டும். ஏழே ஏழு புதன்கிழமை. நான் உள்ள திரும்பி மாவாட்டிக்கிட்டு இருப்பேன். கேட்டுப் பக்கம் தலையைத் திருப்பமாட்டேன். என் நோட்டுல ஒரு செவப்புக் கோடு விழாது. எம்மக மேல சத்தியம்.

என்ன டீச்சர், கேட்டையே பாக்குறீங்க? பயமா? நான்தான் பாக்கமாட்டேன்னு சொல்றேனே.

என்ன?

ஆமா. பூட்டு.

ஆமால்ல. ரெண்டு மணிக்கு அது பூட்டித்தான் கெடக்கும். எச்.எம்.கிட்ட எழுதிக் குடுக்கணும், எங்க போறோம், எதுக்குப் போறோம்னு. பள்ளிக்கூடத்துல படிக்காத புள்ளைக்குச் சொல்லிக் குடுக்கப் போறேன்னு எழுதுனா எந்த எச்.எம். விடுவாரு? சொந்த வேலைன்னு எழுதுனா உங்களுக்கும் மெமோ. பொய் எழுதிட்டுப் போங்கன்னு நானே உங்களுக்கு எப்படிச் சொல்றது? பூட்டணும், நோட்டுல காரணத்தை எழுத வைக்கணும்னு மனுவுல வரிக்கு வரி எழுதுனவளே நான்தான.

இருங்க. பஸ்ஸு வரல, அது மணல் லாரிச் சத்தம். உக்காருங்க.

நாளை மறுநாள் கழிச்சு திங்கக்கிழமைதான? மனு நாள். கடையைப் பூட்டிட்டுப் போறேன். சந்தை நாளா இருந்தாலும் போவேன். புதன்கிழமை மத்தியானம் ஒரு ரெண்டு மணி நேரம் அந்தப் பூட்டைத் தெறக்கச் சொல்லி, இந்த டீச்சர் போயி இந்தப் புள்ளைக்குச் சொல்லித் தர உத்தரவு குடுக்கச் சொல்லி, ஒரு மனு. இந்தத் தடவை என் கையால எழுதமாட்டேன். என் கையெழுத்தைப் பாத்தா அந்த ஆபீஸ்ல பயந்துருவாக. நீங்க எழுதித் தாங்க, அடியில கையெழுத்து மட்டும் நான் போடுறேன்.

காரணமா? காரணம் என்னன்னு எழுதணுமா?

எழுதத்தான் செய்யணும். காரணம் இல்லாம மனு வாங்கமாட்டாக.

எழுதுங்க. எம்மக போன வருஷம் அம்பத்தஞ்சு நாள் பள்ளிக்கூடம் போகல. காய்ச்சல் இல்ல. செவ்வாக்கிழமைச் சந்தையிலயும் திருவிழாவுலயும் கூட்டம் தாங்காதுன்னு பெத்த தாய் கடையில நிறுத்திக்கிட்டா. மூணு நாள் சடங்கு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனா. அப்படியே எழுதுங்க, மழுப்ப வேண்டாம். எப்சிபா டீச்சர் போன புதன்கிழமை இருபதுதான், இருபத்தியொண்ணு இல்ல, அதையும் எழுதுங்க. அவுக எங்க போனாகன்னும் எழுதுங்க. எந்த ஆபீஸ்ல எவன் படிச்சாலும் படிக்கட்டும்.

இந்தாங்க பேனா. நீலம் தீந்துபோச்சு, செவப்புதான் இருக்கு. இதுலயே எழுதலாம்ல டீச்சர்?